முழு அளவு பிக்கப் டிரக் வாங்கும் முன்: முதல்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் முதல்முறையாக முழு அளவு பிக்கப் டிரக் வாங்கப் புறப்படுபவர்கள், ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா ஆகிய நான்கில் எது சிறந்தது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கும் ஒரு நேரம் உண்டு. ஆனால் அதையே முதலில் எடுத்துக்கொண்டால் தேவைக்குப் பொருந்தாத வண்டியில் பணத்தைப் போட நேரிடும். ஒரே டீலரின் வளாகத்தில் அருகருகே நிற்கும் இரண்டு எஃப்-150 வண்டிகளில், எளிய வகை ஒன்று 2,000 பவுண்டுக்கு மேல் சுமக்கக்கூடும். தோல் இருக்கைகளும் கண்ணாடிக் கூரையும் கொண்ட விலையுயர்ந்த மற்றொன்று 1,400 பவுண்டோடு நின்றுவிடக்கூடும். நிறுவனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிலும், ஒரே பெயர் தாங்கிய இரு வண்டிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு பல நேரங்களில் பெரியது. ஆகவே எந்த நிறுவனம் என்பதை நடுவழியில் முடிவு செய்துகொள்ளலாம். எந்த வேலைக்கு என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

போட்டியாளர்கள் ஏன் இத்தனை குறைவு என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் இலகுரக டிரக்குகள் மீது 1964 முதல் அமெரிக்கா 25 சதவீத வரி விதித்து வருகிறது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்குப் போட்ட வரிக்குப் பதிலடியாக வந்ததால் இது ‘சிக்கன் டாக்ஸ்’ என்றே அழைக்கப்படுகிறது. கோழிப் பூசல் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் டிரக் மீதான வரி மறையவில்லை. அதனால் இந்தச் சந்தையில் நிற்க விரும்பும் நிறுவனம் வட அமெரிக்காவிலேயே தொழிற்சாலை வைத்தாக வேண்டியிருக்கிறது. டொயோட்டா தன் டண்ட்ராவை டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் உருவாக்குவதும் இதன் தொடர்ச்சியே. நிசான் தன் டைட்டன் உற்பத்தியை 2024இல் நிறுத்திக்கொண்டது. ஜிஎம்சி சியரா, சில்வராடோவின் உடன்பிறப்பு; அடிச்சட்டமும் என்ஜின்களும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் படி: வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில், கடந்த ஓராண்டில் உண்மையிலேயே ஒரு டிரக் தேவைப்பட்ட நாள்களையும் அப்போது ஏற்ற வேண்டியிருந்த பொருளையும் எழுதுங்கள். வாடகை வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கான ஒட்டுப்பலகைகளா, தோட்டத்துக்கான மண்ணா, ஏரிக்கு இழுத்துச் செல்லும் படகா, விடுமுறைக்கான பயண டிரெய்லரா என்பதைப் பொறுத்து விடை மாறும். நான்கடிக்கு எட்டடி ஒட்டுப்பலகை இந்த நான்கு வண்டிகளிலும் சக்கர வளைவுகளுக்கு இடையே தட்டையாகப் படுக்கும். ஒரு கனகெஜம் சரளைக்கல்லோ ஏறக்குறைய 2,700 பவுண்டுக்கு மேல் எடையிருக்கும். இந்த வகுப்பின் சராசரி வண்டியில் அதை ஒரே நடையில் கொண்டுவர முடியாது. அத்தகைய சுமை வாரந்தோறும் உண்டு என்றால், நீங்கள் பார்க்க வேண்டியது இவற்றுக்கு அடுத்த மேல்வகுப்பான எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 ஆகியவை. ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்றால், வண்டி வாங்குவதைவிட அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது மலிவு என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கேபினும் பெட்டும்

குடும்பத்தோடு பயணிக்க நான்கு முழுக் கதவுகள் கொண்ட கேபின் வேண்டும். ஃபோர்டு இதை சூப்பர்க்ரூ என்றும், ஷெவர்லேயும் ராமும் க்ரூ கேப் என்றும், டொயோட்டா க்ரூமேக்ஸ் என்றும் அழைக்கின்றன. பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியான பெட், ஏறத்தாழ ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டடி என மூன்று நீளங்களில் வருகிறது. கேபின் பெரிதானால் நீண்ட பெட் கிடைக்கும் வாய்ப்பு குறையும். நான்கு கதவும் குட்டைப் பெட்டும் கொண்ட வண்டியே நான்கு நிறுவனங்களிலும் 231 முதல் 234 அங்குலம் வரை, அதாவது பத்தொன்பது அடிக்கு மேல், நீளம் கொண்டது. புறநகர் வீடுகளின் கார் கொட்டகை பலவும் இருபது அடி ஆழமே என்பதால், சுவரோரம் அலமாரியோ வாட்டர் ஹீட்டரோ இருந்தால் கதவு மூடாது. டேப் கொண்டு ஆழத்தையும் கதவின் உயரத்தையும் அளந்த பின்னரே டீலரிடம் செல்லுங்கள்.

குட்டைப் பெட்டுகளை ஒப்பிட்டால் சில்வராடோ தெளிவாக முன்னே நிற்கிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 63 கன அடி. எஃப்-150இல் ஏறத்தாழ 53, ராமில் 54. டண்ட்ராவின் பெட் உலோகத்தால் ஆனதன்று. வலுவூட்டப்பட்ட கலவைப் பொருளால் ஆனதால் கல்லும் கருவியும் விழுந்தாலும் நெளியாது, துருவும் பிடிக்காது. எஃப்-150இன் மேலுடல் 2015 மாதிரி ஆண்டு முதல் அலுமினியத்தால் ஆனது. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் இது மதிப்பு மிக்க குணம். ஆயினும் அடிச்சட்டம் எஃகுதான் என்பதால் துருக்காப்புப் பூச்சைக் கைவிட்டுவிடக் கூடாது. அலுமினிய உடலைச் சீர்செய்ய எல்லாப் பட்டறைகளிலும் வசதி இருப்பதில்லை; அருகில் அத்தகைய பட்டறை உண்டா என்று காப்பீட்டு முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கதவோரத்து ஒட்டுத்தாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் படியையே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோ, எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். விளம்பரத்தில் வரும் சுமைதிறன் அந்தப் பெயரில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அமைப்புக்கு உரியது. ஒட்டுத்தாளில் உள்ள எண்ணோ, கூரைக் கண்ணாடி, பெரிய சக்கரங்கள், நான்கு சக்கர இயக்கம், ஹைபிரிட் மின்கலம் என்று அந்த வண்டியில் தொழிற்சாலை ஏற்றியவற்றின் எடையெல்லாம் கழிக்கப்பட்டு, உங்கள் முன் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கே உரிய எண்.

இழுதிறன் விளம்பரங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உரிய என்ஜினும், சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸிலும் அமைந்தால் எஃப்-150 அதிகபட்சம் 13,500 பவுண்டும், சில்வராடோ 13,300 பவுண்டும், டண்ட்ரா 12,000 பவுண்டும், ராம் 11,600 பவுண்டை ஒட்டியும் இழுக்கும் என்று நிறுவனங்கள் அறிவித்துள்ளன. இவை பொய்யல்ல. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற பொதுத் தரமுறைப்படி, அரிசோனாவில் டேவிஸ் அணையருகே உள்ள நீண்ட மலையேற்றச் சாலையை அடிப்படையாகக் கொண்ட ஏற்றச் சோதனையில், குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓட, குறித்த வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தத் தரமுறை வண்டிக்குள் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்கிறது. பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகளும் பெட்டில் குளிர்பெட்டியும் மிதிவண்டிகளும் இருக்கும் குடும்பத்தை அது கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச்சின் மீது இறங்கும். அது டிரக் சுமக்கும் எடையாகிறது. ஒட்டுத்தாளில் 1,550 பவுண்டு என்று இருப்பதாகக் கொள்வோம். இரு பெரியவர்களும் இரு பிள்ளைகளும் சேர்ந்து 500 பவுண்டு, பெட்டில் ஏற்றும் பொருள்கள் 200 பவுண்டு, அந்த எடையை முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் ‘எடை பகிரும் ஹிட்ச்’ 80 பவுண்டு என்றால், மிஞ்சுவது 770 பவுண்டு. ஹிட்ச்சின் மீது 13 சதவீதம் இறங்குமானால், அந்த வண்டி இழுக்கக்கூடிய டிரெய்லர் ஏறத்தாழ 5,900 பவுண்டுதான். அதே வண்டியின் விளம்பரத்தாள் 11,000 பவுண்டு என்று சொல்லியிருக்கலாம். டிரெய்லர் விற்பவர் அந்த விளம்பரத்தாளை நம்பி 8,000 பவுண்டு டிரெய்லரை விற்றுவிடவும் கூடும். இப்படி அளவு மீறிய சுமையோடு நெடுஞ்சாலையில் இறங்கினால் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களில் பாரம் குறைந்து, திருப்பும்போதும் நிறுத்தும்போதும் வண்டி சொல்பேச்சுக் கேட்காது. குடும்பத்தின் உயிர் இதில் இருப்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டிரெய்லரின் எடையைக் கணக்கிடும்போது வெற்று எடையை எடுக்கக் கூடாது. தண்ணீர், எரிவாயு உருளை, உணவு, துணிமணி எல்லாம் ஏறிய பின் அது எட்டக்கூடிய உச்ச எடை டிரெய்லரின் சொந்தத் தகட்டில் இருக்கும், அதையே எடுங்கள். ஹிட்ச் பொருத்தும் குழாயிலும் தனியே ஒரு தகடு உண்டு. எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் இவ்வளவு, இருந்தால் இவ்வளவு என்று இரண்டு எண்களைக் காட்டும். பல வண்டிகளில் முதல் எண் 5,000 பவுண்டோடு முடிந்துவிடுகிறது. ஒட்டுத்தாள், விளம்பரத்தாள், ஹிட்ச் தகடு ஆகியவற்றுள் எது முதலில் முட்டுகிறதோ அதுவே உங்கள் எல்லை.

நான்காம் படி: இப்போது நிறுவனங்கள்

என்ஜின் வகைகள் அதிகம் இருப்பது எஃப்-150இல். 2.7 லிட்டர் டர்போ வி6 என்ஜின் (வி6 என்றால் ஆறு சிலிண்டர், வி8 என்றால் எட்டு) 325 குதிரைத்திறன் தருகிறது; அன்றாட ஓட்டத்துக்கும் நடுத்தர டிரெய்லருக்கும் இதுவே போதும் என்பது என் கருத்து. 3.5 லிட்டர் டர்போவும் 5.0 லிட்டர் வி8உம் குதிரைத்திறனில் ஏறத்தாழ சமம், இரண்டும் 400. ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் விசையான முறுக்குவிசையில் டர்போ 500 பவுண்டு-அடி, வி8 410 என்று விலகி நிற்கின்றன. எடை இழுப்பவருக்கு டர்போ எளிதாக இருக்கும். அமைப்பில் எளிமையை விரும்பி, நெடுங்காலம் வைத்திருக்க நினைப்பவர் வி8ஐ நாடலாம். பவர்பூஸ்ட் ஹைபிரிட் 430 குதிரைத்திறனோடு ஒரு மின்னாக்கியாகவும் வேலை செய்கிறது. 2.4 கிலோவாட் வழக்கமாகவும், கூடுதல் விலைக்கு 7.2 கிலோவாட்டும் பெட்டிலுள்ள மின்செருகிகளில் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் பனிப்புயல் டெக்ஸாஸின் மின்கட்டமைப்பை முடக்கியபோது இந்த வண்டிகள் வீடுகளுக்கு வெளிச்சமும் வெப்பமும் தந்தன. 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப் பின் நாள்கணக்கில் இருட்டில் இருந்த ஹூஸ்டன் வாசகர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஹைபிரிட்டின் கூடுதல் எடை ஒட்டுத்தாள் எண்ணைக் குறைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சில்வராடோவில் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ, 5.3 லிட்டர் வி8, 6.2 லிட்டர் வி8, 3.0 லிட்டர் டீசல் என நான்கு என்ஜின்கள் உண்டு. நெடுஞ்சாலையில் நீண்ட தொலைவு ஓட்டுபவருக்கு டீசலைத்தான் நான் முதலில் காட்டுவேன். 305 குதிரைத்திறனும் 495 பவுண்டு-அடி முறுக்குவிசையும் கொண்ட அது எரிபொருளை மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. அன்றாடம் ஐந்து மைல் மட்டும் ஓட்டுபவருக்கு அது பொருந்தாது; புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்கு வெப்பம் ஏறாமலேயே ஓட்டம் முடிந்துவிடும். நான்கு சிலிண்டர் என்றதும் தயங்குபவர்கள் உண்டு. 430 பவுண்டு-அடி முறுக்குவிசை கொண்ட அந்த என்ஜின், இவ்விஷயத்தில் 383 தரும் 5.3 லிட்டர் வி8ஐயே விஞ்சுகிறது. ஓட்டிப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள். ஃபோர்டும் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸும் இந்த டிரக்குகளில் பொருத்தும் பத்து வேகத் தானியங்கி கியர்பெட்டி இரு நிறுவனங்களும் கூட்டாக உருவாக்கியது. பரம்பரைப் போட்டியாளர்கள் என்று அறியப்பட்டவர்கள் இவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள்.

ராமின் சிறப்பு, உட்காருபவர் உணரும் சிறப்பு. எஃப்-150உம் சில்வராடோவும் பின் ஆக்ஸிலில் பட்டைவில் கொண்டிருக்க, ராம் 2009 முதல் சுருள்வில் பயன்படுத்துகிறது. காற்றுத் தாங்கியும் தேர்ந்துகொள்ளலாம். வெற்றுப் பெட்டோடு மேடுபள்ளத்தில் போகும்போது பின்னிருக்கையில் இருக்கும் பெற்றோருக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். 2025 மாதிரியில் ஹெமி வி8ஐ நீக்கிவிட்டு, 420, 540 குதிரைத்திறன் கொண்ட இரு வடிவங்களில் ஆறு சிலிண்டர் ஹரிக்கேன் என்ஜினைக் கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் 2026 மாதிரியில் ஹெமி திரும்பியது. என்ஜின், கியர்பெட்டி உள்ளிட்ட இயக்கத் தொகுதிக்கு 2026 மாதிரியிலிருந்து பத்தாண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதமும் தருகிறார்கள். மற்றவர்களின் வழக்கம் ஐந்தாண்டு அல்லது 60,000 மைல்தான். நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

டண்ட்ராவுக்கு 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 ஒன்றுதான். பெரும்பாலான வகைகளில் 389 குதிரைத்திறன், ஹைபிரிட்டில் 437. இதன் ஹைபிரிட் எரிபொருள் சேமிப்பைவிட இழுவைக்காகவே அமைந்தது. முறுக்குவிசை 583 பவுண்டு-அடி. க்ரூமேக்ஸின் பின்னிருக்கை விசாலமானது, பின் கண்ணாடி முழுவதும் கீழிறங்கும், பின்புறத்தில் சுருள்வில் உண்டு. மறுவிற்பனை விலை நிற்கும் என்ற நம்பிக்கையில் டீலர்கள் தள்ளுபடியைக் குறைத்தே தருவார்கள்.

எந்த நிறுவனமும் பழுதுக்கு அப்பாற்பட்டதன்று என்பதைத் திரும்பப்பெறல் அறிவிப்புகள் காட்டுகின்றன. டொயோட்டா 2024இல், என்ஜினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் காரணமாக 2022, 2023 மாதிரி டண்ட்ராக்களையும் லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளையும் சேர்த்து ஏறத்தாழ 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2025 ஏப்ரலில், 6.2 லிட்டர் வி8 பொருத்திய 2021 முதல் 2024 வரையிலான ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. ராம் 2024இல், நிலைப்புக் கட்டுப்பாடு செயலிழக்கக்கூடிய மென்பொருள் குறைக்காக ஏறத்தாழ 12 லட்சம் வண்டிகளையும், ஃபோர்டு அதே ஆண்டில் என்ஜின் வால்வு உடையக்கூடிய குறைக்காக எஃப்-150 உள்ளிட்ட ஏறத்தாழ 90,000 வண்டிகளையும் அழைத்தன. நீங்கள் வாங்கவிருக்கும் வண்டியின் 17 எழுத்தெண் அடையாளத்தை, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டுப் பார்த்தால், சரிசெய்யப்படாத அறிவிப்புகள் இலவசமாகத் தெரியும். பழைய வண்டி வாங்குவோர் இதைச் செய்யாமல் முன்பணம் தரவே கூடாது.

ஐந்தாம் படி: நான்கு சக்கர இயக்கம் தேவையா

மின்னசோட்டாவிலோ கொலராடோவிலோ வசிப்பவர் யோசிக்க வேண்டியதில்லை. தென் டெக்ஸாஸில் தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கு அது சில ஆயிரம் டாலர் செலவும், கூடுதல் எடையும், குறைந்த சுமைதிறனும்தான். எடுத்துக்கொள்வதானால் எந்த வகை என்று கேளுங்கள். வேண்டும்போது மட்டும் ஓட்டுநர் இயக்கும் பகுதிநேர வகையை உலர்ந்த சாலையில் இயக்கக் கூடாது. திருப்பங்களில் முன்பின் அச்சுகள் ஒன்றோடொன்று இழுபட்டு உறுப்புகள் தேயும். நனைந்த சாலையிலும் பனி திட்டுத்திட்டாகக் கிடக்கும் சாலையிலும் தானாகவே சரிசெய்துகொள்ளும் வகை ஃபோர்டு, ஷெவர்லே, ராம் ஆகியவற்றின் சில பிரிவுகளில் கிடைக்கிறது; புதிதாக ஓட்டுபவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்த்தலும் விலையும்

ஒரே நாளில் இரண்டு நிறுவன வண்டிகளையாவது ஓட்டுங்கள்; உணர்வு மறுநாள் வரை தங்குவதில்லை. குழந்தை இருக்கையைக் கொண்டுபோய் நீங்களே பொருத்திப் பாருங்கள். பின்னோக்கி வைக்கும் இருக்கைக்கு இடமிருக்கிறதா, சேலை கட்டிய அம்மாவோ மூட்டுவலி உள்ள அப்பாவோ படியில் ஏறி அமர முடிகிறதா என்பதெல்லாம் விளம்பரத்தாளில் இல்லாதவை. வண்டியின் முன்மூக்கு உயரமாதலால் அதற்கு நேர் எதிரே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றால் முன்புறக் கேமரா உள்ள வகையைக் கட்டாயம் எடுங்கள். பாதுகாப்புச் சோதனைகளில், பின்னிருக்கைப் பயணிக்கான மதிப்பீட்டைத் தனியே பாருங்கள். காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் மோதல் சோதனை நடத்தும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2022 முதல் முன்மோதல் சோதனையில் பின்னிருக்கையிலும் பொம்மை வைத்துச் சோதிக்கிறது.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மன்ரோனி விலைத்தாள், செனட்டர் மைக் மன்ரோனி முயற்சியால் 1958இல் வந்த சட்டப்படி கட்டாயமானது. தொழிற்சாலை விலை, ஒவ்வொரு கூடுதல் பொருளின் விலை, கொண்டுவரும் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அதன் பக்கத்தில் டீலர் தானே ஒட்டும் இரண்டாம் தாளில் சந்தைச் சரிக்கட்டல், வண்ணக்காப்பு, நைட்ரஜன் காற்று என்று வருபவை பேரத்துக்கு உட்பட்டவை. மாதத் தவணை எவ்வளவு என்று பேசத் தொடங்காதீர்கள். வரியும் பதிவும் ஆவணக் கட்டணமும் சேர்ந்து வாசலைத் தாண்டும்போது மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, அந்த ஒரே எண்ணை இரண்டு மூன்று டீலர்களிடம் ஒப்பிடுங்கள். டெக்ஸாஸில் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம் என்பதால், 60,000 டாலர் வண்டிக்கு அதுவே 3,750 டாலர். 84 மாதக் கடன் தவணையைச் சிறிதாகக் காட்டும். ஆனால் வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி பெரிதாக இருக்கும் ஆண்டுகளை அது நீட்டிவிடுகிறது. சொந்தத் தொழிலுக்கு வாங்குபவர்கள், ஆறடிக்குக் குறையாத பெட் கொண்ட வண்டிக்கு தொழிலுக்கு வாங்கிய பொருளின் விலையை வருமானத்தில் கழிக்க வழிசெய்யும் வருமானவரியின் 179ஆம் பிரிவில் எஸ்யூவிக்குரிய உச்சவரம்பு பொருந்தாது என்பதைக் கணக்காளரிடம் பேசிவிட்டு, அதன் பிறகு பெட்டின் நீளத்தை முடிவு செய்யலாம்.

ஏழாம் படி: கையொப்பத்துக்கு முன்னும் பின்னும்

டீலர் வேறு கிளையிலிருந்து வண்டியை வரவழைத்தால், நீங்கள் பார்த்த வண்டியின் ஒட்டுத்தாள் எண் வந்திறங்கும் வண்டிக்குப் பொருந்தாது. கதவைத் திறந்து மறுபடி படியுங்கள். ஆக்ஸில் விகிதம், ஹிட்ச் குழாய், ஏழு முனை மின்இணைப்பு, டிரெய்லர் பிரேக் கட்டுப்படுத்தி ஆகியவை நீங்கள் பேசியபடியே இருக்கின்றனவா என்று விலைத்தாளோடு ஒப்பிட்ட பிறகே கையொப்பமிடுங்கள். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று சொல்லப்படுபவை தொழிற்சாலையில் பொருத்தியதைவிடச் செலவு மிகுந்தவை. டிரெய்லர் இழுப்பவர்கள் முதல் பயணத்துக்கு முன் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடைக்கு ஒருமுறை செல்லுங்கள். சிறு கட்டணத்துக்கு முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் ஆகியவற்றின் எடையைத் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். அந்த எண்களைக் கதவுத் தூணில் உள்ள உச்ச அளவுகளோடு ஒப்பிட்டு, பின் ஆக்ஸில் மிஞ்சியிருந்தால் பெட்டில் உள்ள பொருள்களை இறக்கி மறுபடி எடையிட்ட பின்னரே பயணத்தைத் தொடங்குங்கள்.